படையலுக்கு வந்த ஒயின்

தொரை,

முந்தாநாள் உன் படையலுக்கு வைத்த எவர்சில்வர் டம்ளரை இன்னும் கழுவவில்லை. அடியில் ஒயின் காய்ந்து, கத்தரிப்பூ நிறத்தில் ஒரு வட்டம் கட்டியிருக்கிறது. இன்று கம்பெனி விட்டு வந்ததும் மற்ற பாத்திரத்தோடு அதையும் தேய்த்துப் போடலாம் என்று நாரைக் கையில் எடுத்தேன். எதற்கோ ஒருதரம் மோந்து பார்த்தேன். உன் வெள்ளைச் சட்டை வாசம் வந்தது. டூட்டி முடிந்து நீ கழற்றிப் போடுகிற சட்டையின் கை மடிப்பில் இருக்குமே, திராட்சையும் புளிப்புமாக, அதே வாசம். அதற்கு அடியில் இன்னொரு வாசமும் இருக்கிறது. அது என்ன வாசம் என்று முந்தாநாள்தான் எனக்குத் தெரிந்தது. நாரைக் கீழே போட்டுவிட்டு டம்ளரை அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டேன். கவி பார்த்தால் எறும்பு வரும் என்று எடுத்துக் கழுவிவிடுவாள். உன் மகளுக்கு எந்தப் பாத்திரமும் பளிச்சென்று இருந்தாக வேண்டும்.

நாலு பேர் முன்னால் உன்னை நீங்க, வாங்க என்றுதான் சொல்லியிருக்கிறேன். வீட்டுக்குள் நீ, வா. நீயும் வீட்டுக்குள் என்னை மே என்றுதான் கூப்பிடுவாய். இது வீட்டுக்குள் எழுதுவது. எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றவள் எழுதுவது, பிழை இருந்தால் முன்போலவே சிரித்துக்கொள். வாயால் சொல்லிவிடலாம் என்றால், நான் உன் பேச்சை எடுத்ததும் கவி அழ ஆரம்பித்துவிடுகிறாள். எனக்கு அழுகை ஒருமாதிரி பழகிவிட்டது. இப்போது எனக்குள் இருப்பது அழுகை இல்லை. வயிற்றெரிச்சல். செத்துப்போன புருஷன் மேல் ஒருத்திக்கு வயிற்றெரிச்சல் வருமா என்று யாராவது கேட்டால், வரும் என்றுதான் சொல்வேன். உன் மேல் பாதி, அந்த நிவேதா மேடம் மேல் பாதி. என் காதுக்கு வரவேண்டிய ஒரு சொல் அவள் காதுக்குப் போய், ஒரு வருஷம் கழித்து, சுற்றிக்கொண்டு என்னிடம் வந்திருக்கிறது.

தொரை என்று உனக்குப் பேர் வைத்தது நான்தான். ஏர்போர்ட் பக்கத்து ஹோட்டலில் தட்டு எடுத்துக்கொண்டிருந்த உன்னை மேஜை பார்க்கிற ஸ்டூவர்ட் ஆக்கினார்கள். கறுப்புக் கோட்டு, கழுத்தில் பட்டாம்பூச்சி மாதிரி ஒரு பட்டை. அனகாபுத்தூரில் நம் சந்தில் ரெண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருத்தர் சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அந்தச் சந்தில் நீ அப்படி உடுத்திக்கொண்டு இறங்கினாய். நான் வாசலில் நின்று, "தொரை கெளம்பிட்டாரு, வழி விடுங்கோ" என்று கத்தினேன். குழாயடியில் இருந்த எதிர்வீட்டு அக்கா குடத்தை வைத்துவிட்டு, "எந்த ஊருக்கு தொரை?" என்றாள். உனக்குக் கோபமே வரவில்லை. கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "இங்கிலாந்துக்குத்தான் அக்கா. போற வழியில பல்லாவரத்துல எறங்கிக்கறேன்" என்றாய். அன்றிலிருந்து சந்து முழுக்க நீ தொரைதான்.

அந்தச் சிரிப்பெல்லாம் அவள், அந்த நிவேதா, வரும்வரைக்கும். நேரில் பார்த்தால் நானும் மேடம் என்றுதான் கூப்பிடுவேன். இங்கே அவள்தான். ஒயினுக்கென்றே ஹோட்டலில் அவளை வேலைக்கு எடுத்திருந்தார்கள். எந்த ஒயினை எந்தச் சாப்பாட்டோடு கொடுப்பது என்று சொல்வதற்கு ஒரு ஆள். எதிர்வீட்டு அக்கா அதைக் கேட்டுவிட்டு, "இன்னாடி, உன் வூட்டுக்காரு ஒயின் ஷாப்புக்கு மாறிட்டாராமே" என்று துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்டாள். இல்லை அக்கா, இது வேறே, பெரிய இடத்துச் சமாச்சாரம் என்று நான் விளக்கம் சொல்லவேண்டி வந்தது.

வாரத்தில் ஒருநாள் மத்தியானம் உங்களையெல்லாம் வட்டமாக நிற்கவைத்து ஆளுக்கு ஒரு வாய் ஊற்றுவாள் என்று சொன்னாய். கிளாஸை ஆட்ட வேண்டும், மூக்கை உள்ளே விட்டு மோந்து பார்க்க வேண்டும், ஒரு வாய் வாங்கி நாக்கில் உருட்ட வேண்டும், பிறகு வாளியில் துப்பிவிட வேண்டும். அதற்கப்புறம் ஒவ்வொருத்தராக இதில் என்ன வாசம் வருகிறது, இதோடு என்ன சாப்பிட்டால் நன்றாயிருக்கும் என்று சொல்ல வேண்டும்.

"துப்பறதுக்கா ஊத்தறாங்க?" என்றேன்.

"முழுங்கிட்டா அப்புறம் எவன் டூட்டி பாக்கறது, மே?"

நீ முழுங்காமல் வந்தாய், அது எனக்குத் தெரியும். உன் வாயில் ஒயின் இல்லை. அவள் பேர்தான் இருந்தது. நிவேதா மேடம் இப்படிச் சொன்னாங்க, நிவேதா மேடம் அப்படிச் சிரிச்சாங்க. ஒருநாள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து, "மேடம் எனக்கு நல்ல மூக்கு இருக்குதுன்னு சொன்னாங்க" என்றாய்.

"எனக்கும்தான் இருக்குது. வேணும்னா தொட்டுப் பாரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

பிறகு பவுடர் போடுவதை நிறுத்தினாய். வாசம் கலந்துவிடுமாம், மேடம் சொன்னாங்களாம். கல்யாணமான நாளிலிருந்து உன் கழுத்தில் இருந்த பவுடர் வாசத்தை ஒருத்தி ஒரே வார்த்தையில் துடைத்துவிட்டாள். தேங்காய் எண்ணெயும் போயிற்று. தலையணையில் மூக்கை வைத்தால் ஆள் படுத்த மாதிரியே இருக்காது. அப்போதே எனக்குச் சுருக்கென்றது. வெளியில் சொல்வதற்கு அதில் என்ன இருக்கிறது? என் புருஷன் பவுடர் போடுவதில்லை என்று யாரிடம் போய் முறையிடுவது?

வெள்ளிக்கிழமை உனக்கு லீவு. நான் கம்பெனி விட்டு வந்ததும் பல்லாவரம் சந்தைக்குப் போவோம், ஞாபகம் இருக்கிறதா? அவள் வந்த பிறகு சந்தையில் உன்னோடு நடப்பதே ஒரு கூத்தாகிவிட்டது. கொய்யாவை மோந்து பார்ப்பாய். நாவல்பழத்தை, புளியை, ஈரச் சாக்கை, செடி விற்கிறவனிடம் மண் உருண்டையைக்கூட. மோந்துவிட்டுக் கண்ணை மூடி நிற்பாய். கருவாட்டுக்காரம்மா ஒருதரம் பொறுக்க முடியாமல், "இன்னா சார், அப்போலேர்ந்து மோந்துகினே கீற. மூக்குலயே கொழம்பு வெச்சுருவ போலகீதே!" என்றாள். சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. கருவாட்டுக்காரம்மாவுக்கு நீ ஒரு வேடிக்கை. எனக்கு, அவள் சொல்லிக்கொடுத்த பாடத்தை என் பக்கத்தில் நின்று படிக்கிற ஆள்.

இனிமேல்தான் என் கை வாசத்தைப் பற்றி எழுத வேண்டும். ஷூவுக்கு மேல்தோல் தைக்கிறவள் கை எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாதது இல்லை. தோல் வாசம் நகக்கண்ணில் இறங்கிவிடும், சோப்புக்கு அசையாது. கல்யாணமான புதிதில் பம்மல் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த ஒருத்தி முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு எழுந்து வேறு சீட்டுக்குப் போனாள். நான் கம்பியைப் பிடித்திருந்த கையை மடியில் வைத்து மூடிக்கொண்டேன். அன்றிலிருந்துதான் எலுமிச்சம்பழம். வேலை விட்டு வந்ததும் பாதி மூடியை எடுத்து விரல் விரலாகத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் அரிசியில் கை வைப்பேன். பரிமாறுவதற்கு முன்னால் இன்னொரு தரம். பண்டிகை நாளானாலும் சரி, பழைய சோறானாலும் சரி.

அப்படித் தேய்த்துக்கொண்டு வந்து நான் சோறு போட்டால், கையை எடுப்பதற்குள் நீ தட்டு மேல் குனிந்து மோந்து பார்ப்பாய். எனக்கு உடம்பு கூசிப்போகும்.

"இன்னா, நாறுதா?"

"இல்ல மே."

"அப்புறம் இன்னாத்துக்கு மோந்து பாக்கற? நாய் மாதிரி?"

"பழக்கமாயிடுச்சு, வுடு."

யார் பழக்கிய பழக்கம் என்று எனக்குத் தெரியாதா? வாசமே இல்லாத ஒருத்தியிடம் பாடம் படித்துவிட்டு வந்து என் கையைச் சோதிக்கிறாய் என்று நினைத்தேன். வாசமே இல்லாதவள் என்று சும்மா சொல்லவில்லை. உங்கள் ஹோட்டலில் குடும்பத்தோடு கூப்பிட்டு விருந்து வைத்தார்களே, அன்று அவளைப் பார்த்தேன். குட்டை முடி, காதில் பொட்டு மாதிரி தோடு. "வாங்கக்கா" என்று என் கையைப் பிடித்தாள். வழுவழுவென்று, கழுவி வைத்த தட்டு மாதிரி ஒரு கை. பூ வாசம் இல்லை, வியர்வை இல்லை, ஒன்றுமே இல்லை. நான் என் கையைச் சீக்கிரம் உருவிக்கொண்டேன். அன்று ரெண்டு மூடி எலுமிச்சம்பழம் தேய்த்துக்கொண்டுதான் போயிருந்தேன், அப்படியும்.

ஒரே ஒரு தரம் நீ கேட்டாய். "எலுமிச்சம்பழம் எதுக்கு மே? வெறுங்கையா போடேன்."

"எதுக்கு? உங்க மேடம் கையோட வெச்சுப் பாக்கறதுக்கா?"

நீ தலையைக் குனிந்து சாப்பிட்டாய்.

பொங்கல் அன்று சர்க்கரைப் பொங்கலை ஒரு வாய் வைத்துக்கொண்டு, "இதுக்குன்னே ஒண்ணு இருக்குது மே. கொஞ்சூண்டு தித்திப்பா, ஆனா பின்னாடி ஒரு புளிப்பு. நெய்யை அப்படியே அறுத்துக்கினு போவும்" என்றாய். கரும்பைக் கடித்துக்கொண்டிருந்த கவி, "அப்பா, பொங்கலுக்குக் கரும்புதான்ப்பா, ஒயின் இல்ல" என்றாள். "உங்க மேடத்தையே வந்து பொங்கச் சொல்லு" என்று நான் சொன்னேன். மசால் வடை சுட்டால், நுரை வருகிற ஒயினுக்கு இது தோதாயிருக்கும் என்பாய். வஞ்சிரம் வறுத்தால், வெள்ளை ஒயின், ஜில்லென்று, எலுமிச்சம்பழம் பிழிகிற வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும் என்பாய். நான் சமைத்ததை நீ வாயில் வைக்கும்போதே அவள் கிளாஸ் உன் இன்னொரு கையில் இருக்கிற மாதிரி எனக்குத் தோன்றும்.

அந்தத் தீபாவளியை நினைத்துப் பார்க்கிறேன். ஹோட்டலில் ஆளுக்கு ஒரு பாட்டில் கொடுத்தார்கள் என்று சொல்லி, சிவப்பு ஒயின் ஒன்றைத் துண்டில் சுற்றி, தூங்குகிற பிள்ளையைத் தூக்கிவருகிற மாதிரி கொண்டுவந்தாய். இட்லியும் ஆட்டுக்கறிக் குழம்பும். வெளியே சரவெடி. கவி வாசலில் மத்தாப்பு கொளுத்திக்கொண்டிருந்தாள். ரெண்டு எவர்சில்வர் டம்ளரில் அரை அரை ஊற்றி, "மொதல்ல கொழம்பு ஒரு வாய், அப்புறம் இது ஒரு வாய். துப்ப வேணாம், நீ டூட்டிக்குப் போவல" என்றாய். குடித்தேன்.

"வாயெல்லாம் இழுக்குதுயா. பச்சப்பாக்கு போட்ட மாதிரி" என்றேன்.

நீ தொடையில் தட்டிக்கொண்டாய். "அதான்! அந்தத் துவர்ப்புதான். இப்ப கறி ஒரு துண்டு தின்னு. தின்னுட்டு திரும்பக் குடி."

தின்றுவிட்டுக் குடித்தேன். நிஜமாகவே இழுப்பு குறைந்து வழவழப்பாக இறங்கியது. கறியின் கொழுப்பு அந்தத் துவர்ப்பை மழுக்கிவிடும் என்று விளக்கம் சொன்னாய். எனக்குச் சிரிப்பு வந்தது. உன் முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒரு சந்தோஷம் அதில். நம் ரெண்டு பேருக்கும் நடுவில் ஒரு குழம்புச் சட்டியும் ஒரு பாட்டிலும் தவிர யாருமே இல்லை என்று நினைத்த அந்த நேரம் பார்த்து, "பச்சப்பாக்குன்னு நீ சொன்னதை மேடம் கேட்டா அவ்ளோ சந்தோஷப்படுவாங்க" என்றாய். டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். மீதியை நீதான் குடித்தாய். அன்றைக்கு அந்த ஒரு பேரை மட்டும் சொல்லாமல் இருந்திருக்கக் கூடாதா?

அதற்குப் பிறகு வீட்டில் அவள் பேர் குறைந்தது. எதற்கு எது தோது என்கிற பேச்சும் நின்றது. மோந்து பார்ப்பது மட்டும் நிற்கவில்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். போன மாசியில் ஸ்டேஷன் படியில் ஏறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய், எழுந்திருக்கவில்லை. காரியத்துக்கு ஹோட்டல்காரர்களோடு அவளும் வந்து பின்னால் நின்றாள். நான் அவளைப் பார்க்கிற நிலைமையில் இல்லை.

இந்த மாசியில் உன் முதல் வருஷப் படையலுக்கு ரெண்டு நாள் முன்னால் அவள் கவிக்குப் போன் பண்ணி, அம்மா என்னென்ன சமைக்கிறாங்க என்று கேட்டிருக்கிறாள்.

"அவளுக்கு எதுக்குடி அது?"

"தெரியலம்மா. கருவாட்டுக் குழம்பு, ஆட்டுக்கறி, முட்டை, வடைன்னு சொன்னேன். குழம்புல கத்திரிக்கா போடுவாங்களா, மாங்கா போடுவாங்களான்னு கேட்டாங்க."

என் வீட்டுக் குழம்பில் என்ன விழுகிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? மாங்காய் போடுகிற மாசத்தில் போடுவேன், இல்லாவிட்டால் கத்தரிக்காய். அது உனக்கும் எனக்கும்தானே தெரியும்.

படையல் அன்று பொழுது சாயும் நேரத்தில் உன் படத்துக்கு முன்னால் இலை போட்டு எல்லாவற்றையும் வைத்துக்கொண்டிருந்தேன். உன் அண்ணன் இடுப்பிலிருந்து ஒரு குவார்ட்டர் பாட்டிலை எடுத்து இலை ஓரமாக நட்டார்.

"மாமா, அவரு இதெல்லாம் தொட மாட்டாரு."

"இருக்கற வரைக்கும் தொடல. போனப்புறம் யாருக்கு பயம்? வெய்ம்மா, ஆம்பளப் படையல் மொட்டையா இருக்கக்கூடாது."

அப்போதுதான் அவள் வந்தாள். வெள்ளைச் சுடிதார், தோளில் ஒரு பை. அதிலிருந்து ரெண்டு பாட்டில், பேப்பரில் சுற்றிய காம்பு வைத்த கண்ணாடி கிளாஸ் ஒன்று. வெள்ளை ஒயின் பாட்டில் வியர்த்துக்கொண்டிருந்தது. "அக்கா, இது கருவாட்டுக் குழம்புக்கு. காரத்துக்கு லேசா தித்திப்பு வேணும், அதான் ஜில்லுனு கொண்டாந்தேன்" என்றாள். சிவப்பு பாட்டிலைக் கையிலேயே வைத்திருந்தாள்.

"அது ஆட்டுக்கறிக்கா?" என்று கேட்டேன். எனக்கும் தெரியும் என்று காட்ட வேண்டாமா?

"இல்லக்கா. இது எந்தச் சாப்பாட்டுக்கும் இல்ல. அவருக்குப் பிடிச்சது."

என் கையில் அகப்பை இருந்தது. நல்லவேளை, படையல் வீடு. என் புருஷனுக்குப் பிடித்தது எது என்று என் வீட்டில், என் முன்னால், அவன் இலைக்கு எதிரே உட்கார்ந்து ஒருத்தி சொல்கிறாள். பல்லைக் கடித்துக்கொண்டேன். அவள் கண்ணாடி கிளாஸைத் துடைத்து இலைப் பக்கம் வைக்கப் போனாள். நான் அதை எடுத்து ஜன்னல் மேல் வைத்துவிட்டு, தீபாவளிக்கு நீ குடித்த எவர்சில்வர் டம்ளரைக் கொண்டுவந்து வைத்தேன்.

"இந்த வீட்ல அவரு இதுலதான் குடிச்சாரு மேடம்."

அவள் சிவப்பை அதில் ஊற்றினாள். வெள்ளைக்கு கவி ஒரு சின்ன டம்ளர் கொண்டுவந்தாள். உன் அண்ணன் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "எந்தம்பிக்கு செத்தப்புறம்தான்யா நல்ல காலம்" என்றார்.

கற்பூரம் காட்டி, நீ வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே சந்தில் நின்றோம். உன் அண்ணன் பீடி பற்றவைத்துக்கொண்டு முனைக்குப் போனார். எதிர்வீட்டு அக்கா கவியைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டாள். சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நானும் அவளும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்படி ஆயிற்று. அந்தச் சந்தில் வேறு எங்கே நிற்பது?

"முதல்ல எதைத் தொடுவாருன்னு நினைக்கறீங்கக்கா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"கருவாட்டுக் கொழம்பு."

"நானும் அதான் நினைச்சேன். புதன்கிழமை குழம்புன்னுதான் அவர் சொல்லுவாரு."

திரும்பிப் பார்த்தேன்.

"உங்களுக்குத் தெரியாதாக்கா? ஒவ்வொரு தடவையும் ஒயின் ஊத்தி, இதோட என்ன சாப்பிடலாம்னு கேப்பேன். மத்தவங்கல்லாம் எங்க மெனு கார்டுல இருக்கறதைச் சொல்லுவாங்க. இவர் மட்டும் உங்க வீட்டுச் சாப்பாட்டைச் சொல்லுவாரு. எங்க வீட்டு புதன்கிழமை குழம்பு மேடம், எங்க வீட்டு ஞாயித்துக்கிழமை கோழி மேடம், மழை நாள்ல அவ பண்ற முருங்கைக்கீரை அடை மேடம். நாங்க எல்லாம் ஹோட்டல் மெஸ்லயே சாப்பிடறவங்க. கேட்டுக் கேட்டு உங்க வீட்ல எந்தக் கிழமை என்ன குழம்புன்னு எங்க எல்லாருக்கும் மனப்பாடம்."

கேட்கக் கேட்க எனக்குக் குளிர்ந்திருக்க வேண்டும். எரிந்தது, தொரை. என் அடையைப் பற்றி நீ என்னிடம் ஒயினை இழுக்காமல் ஒரு வார்த்தை சொன்னதுண்டா? உப்பு சரியா என்று கேட்டால் ம் என்பாய். அந்த ம்முக்கு மேல் உன்னிடம் பேச்சு இல்லை என்று நான் நினைத்திருந்தேன். பேச்சு இருந்திருக்கிறது. எல்லாவற்றையும் கொண்டுபோய் அங்கே கொட்டியிருக்கிறாய்.

"அந்த ரெட் ஒயின் எதுக்குன்னு கேட்டீங்கல்ல" என்றாள். "ரொம்ப நாள் பாட்டில்ல இருந்த ஒயின் அது. அதைத் திறந்த அன்னிக்கு ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க. சாக்லேட், காப்பி, பேரீச்சம்பழம்னு. இவர் கிளாஸைக் கீழயே வைக்கல. திரும்பத் திரும்ப மோந்து பாத்தாரு. என்ன வாசம்னு கேட்டேன். 'தோல் மேடம். என் வீட்டுக்காரி கை வாசம்'னாரு. யாரோ சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரல. அந்த ஒயின்ல அதுதான்க்கா உசத்தி, நாள்பட்ட நல்ல ஒயின்ல மட்டும்தான் அந்த வாசம் வரும். சரி, இதோட என்ன சாப்பிடலாம்னு கேட்டேன். 'அவ கையால வெறும் சோறு போட்டா போதும்'னாரு. அன்னிக்கு அவர் துப்பல."

சந்தில் யாரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். நானும் அவளும் சுவரோடு இன்னும் ஒட்டிக்கொண்டு வழிவிட்டோம். அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கு ஒரு சொட்டு வரவில்லை. எனக்குள்ளே ஒருத்தி மட்டும் கத்திக்கொண்டிருந்தாள். என் கை, என் வாசம், அதை ஏன் இவள் சொல்லி நான் கேட்கிறேன்?

கதவைத் திறந்தோம். உன் அண்ணன் முதலில் போய் டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார். "பாத்தியாம்மா, செவப்பு கொஞ்சம் கொறஞ்சிருக்குது! குவார்ட்டரை மூடிகூட தொறக்கல பாவி!" என்று கத்தினார். கவி சிரித்துக்கொண்டே அழுதாள். அவர் அந்த வெள்ளை ஒயினை எடுத்து ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "இன்னாது இது, பன்னீர் மாதிரி கீது" என்று முகத்தைச் சுளித்தார்.

எல்லோருக்கும் இலை போட்டேன். பரிமாறுவதற்கு முன்னால், எப்போதும் போல, உள்ளே போய் எலுமிச்சம்பழம் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்தேன். அவள் இலைக்கு வந்தேன். சோற்றை வைத்தேன். நான் கையை எடுப்பதற்குள் அவள் குனிந்தாள். நீ குனிகிற அதே மாதிரி. என் கைக்குக் கிட்டே மூக்கைக் கொண்டுவந்து மூச்சை இழுத்தாள். பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அவளுக்கு எலுமிச்சம்பழம்தான் கிடைத்தது. கடையில் கேட்ட சாமான் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்ட பிள்ளை மாதிரி அவள் முகம் ஆயிற்று.

அந்த நிமிஷம் எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? ஒரு வருஷத்தில் அன்றுதான் நெஞ்சு நிறைந்தது. வேண்டும் அவளுக்கு என்று நினைத்தேன். சொல் அவளுக்குப் போய்விட்டது, சரி. வாசம் கிடையாது. இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றட்டுமா மேடம் என்று சிரித்த முகத்தோடு கேட்டு, கருவாட்டில் நல்ல துண்டாகப் பார்த்து வைத்தேன். உறைப்பில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வழித்துச் சாப்பிட்டாள். போகும்போது வாசலில் நின்று, "புதன்கிழமை ஒருநாள் வரட்டுமாக்கா?" என்றாள். வா என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அந்தக் கண்ணாடி கிளாஸை மறந்துவிட்டுப் போனாளா, வேண்டுமென்றே விட்டுவிட்டுப் போனாளா தெரியவில்லை. ஜன்னல் மேலேயே இருக்கிறது.

உன் மேல் எனக்குள்ள வழக்கு இன்னும் தீரவில்லை. அவள் பேரை எடுத்தால் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன் என்று நீ சொல்லாமல் விட்டிருப்பாய். திருப்பினால் என்ன? புருஷன்தானே, திருப்பின பக்கம் வந்து நின்று சொல்லியிருக்கலாமே. பம்மல் பஸ்ஸிலிருந்து நான் மூடி வைத்திருந்த கை இது. ஊரார் முந்தானையை மூக்கில் வைத்த வாசம் இது. அது ஒரு பெரிய ஹோட்டலில், கண்ணாடி கிளாஸில், உசத்தி என்று பேர் வாங்கிக்கொண்டு நின்றிருக்கிறது. எனக்கு மட்டும் ஒரு வார்த்தை வந்து சேரவில்லை.

இன்று புதன்கிழமை. கம்பெனியில் ஏற்றுமதி ஆர்டர், கைநிறைய தோல். வீட்டுக்கு வந்து எலுமிச்சம்பழக் கூடையைத் தொடவில்லை. வெறும் தண்ணீரில் கழுவிவிட்டு, அதே கையால் கருவாட்டுக் குழம்பு வைத்து, சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். வாய்க்குக் கொண்டுபோகும் முன்னால் குனிந்து மோந்து பார்த்தேன். கவி என்னையே பார்த்தாள். இந்த ரெண்டு நாளாக எதைச் சாப்பிட்டாலும் முதலில் மோந்துதான் பார்க்கிறேன். உன்னிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது அதுதான். சாப்பிட்டு முடித்து அரிசி டப்பாவுக்குப் பின்னாலிருந்து டம்ளரை எடுத்தேன். ஒருதரம் அதை மோந்தேன், ஒருதரம் என் விரலை. திராட்சையும் புளிப்பும் மேலே நிற்க, அடியில் ரெண்டும் ஒன்றுதான். நீ சொன்னது சரிதான்.

அத்தனை வருஷமும் நான் விரல் விரலாகத் தேய்த்துக்கொண்டுதானே உனக்குச் சோறு போட்டேன். தினமும் தட்டு மேல் குனிந்தாயே, அந்த எலுமிச்சம்பழத்துக்கு அடியில் என் கை உனக்கு ஒருநாளாவது கிடைத்ததா, தொரை?